மார்மன் தங்கக் காசுகளின் நகல்கள்: சேர்த்ததும் சோதித்ததும் காட்சிச் சட்டகத்தில் அமைத்ததும்

அமெரிக்காவின் யூட்டா பகுதியில் குடியேறிய, மார்மன் என்ற கிறிஸ்தவ வழிச் சமயப் பிரிவின் முன்னோடிகள் 1848 முதல் 1861 வரையிலான காலத்தில் தாங்களே அடித்துக்கொண்ட தங்கக் காசுகளில் ஆறு வகைகள் உண்டு. 1849 என்று ஆண்டு பொறித்த இரண்டரை, ஐந்து, பத்து, இருபது டாலர் காசுகள் நான்கு. 1850ஆம் ஆண்டின் ஐந்து டாலர் ஒன்று. 1860ஆம் ஆண்டின் ஐந்து டாலர் ஒன்று. இவற்றில் பெரும்பாலானவை அக்காலத்திலேயே உருக்கப்பட்டுவிட்டதால், எஞ்சியவை பெரும் சேகரிப்பாளர்களின் கைகளிலும் அருங்காட்சியகங்களிலும்தான் இருக்கின்றன. 1849ஆம் ஆண்டின் பத்து டாலர் காசு ஒன்று 2014இல் ஏலத்தில் 7 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. மாதச் சம்பளத்தில் வாழ்கிறவருக்கு அசலைப் பற்றிய பேச்சே எழாது. ஆனால் யூட்டாவின் பழம்பொருள் கடைகளிலும், ஒருவர் காலமானபின் அவர் வீட்டுப் பொருள்களை விற்கும் சந்தைகளிலும், இந்தக் காசுகளின் நகல்கள் அடிக்கடி கிடைக்கின்றன. குடியேற்றத்தின் ஆண்டுவிழாக்களுக்காக அடித்தவை, சுற்றுலாப் பயணிகளுக்காக வார்த்தவை, எதற்காகச் செய்தார்கள் என்றே விளங்காதவை என அவை பலவிதம். ஆறு வகைகளுக்கும் ஒவ்வொரு நகல் சேர்ப்பது, ஒவ்வொன்றும் எந்த உலோகம், எந்த முறையில் செய்யப்பட்டது என்று கண்டறிவது, பின்பு இருபக்கமும் தெரியும்படி ஒரு காட்சிச் சட்டகத்தில் அமைப்பது என்று திட்டமிட்டேன். அந்த வேலையின் பதிவு இது.

நகல் சேர்ப்பதைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். நகல் தன்னை நகல் என்று சொல்லிக்கொள்ளும்வரை அதில் இழிவு ஏதும் இல்லை என்பதும், ஒரு நகலை அளந்தும் நிறுத்தும் ஒப்பிட்டும் பார்த்தால் அசலைப் பற்றிக் கற்றுக்கொள்ள நிறைய உண்டு என்பதும் என் கருத்து. கீழே வரும் வேலைகள் எல்லாம் அந்த இரண்டையும் ஒட்டியவையே.

முதலில், எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். மார்மன்கள் 1847 ஜூலையில் பெரும் உப்பேரிப் பள்ளத்தாக்கில் குடியேறியபோது அவர்களிடம் காசுப் புழக்கம் மிகக் குறைவு. மெக்சிகோவுடனான போரில் சேவை செய்து கலைக்கப்பட்ட மார்மன் படைப்பிரிவைச் சேர்ந்த சிலர், கலிபோர்னியாவில் ஜான் சட்டரின் மரமறுப்பு ஆலையைக் கட்டும் வேலையில் இருந்தனர். 1848 ஜனவரி 24 அன்று அங்கே தங்கம் கண்டெடுக்கப்பட்டது என்ற தேதியே, அவர்களில் ஒருவரான ஹென்றி பிக்லரின் நாட்குறிப்பிலிருந்துதான் உறுதியானது. அவர்கள் பள்ளத்தாக்குக்குத் திரும்பியபோது கொண்டுவந்த தங்கப்பொடியை ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் நிறுப்பது தொல்லையாகவும், பொடி சிந்துவதால் நட்டமாகவும் இருந்தது. ஆகவே மார்மன்களின் தலைவர் பிரிகாம் யங்கின் வழிகாட்டுதலில் காசு அடிக்க முடிவாயிற்று. ஜான் கே என்பவர் அந்த வேலையை ஏற்றார். 1848 டிசம்பரில் பத்து டாலர் காசுகள் சில அடிக்கப்பட்ட நிலையில் தங்கத்தை உருக்கும் மூசைகள் உடைந்துபோக, வேலை நின்றுவிட்டது. மற்ற மதிப்புகள் 1849 செப்டம்பரில்தான் வெளிவந்தன. முதலில் அடித்த காசுகளிலும் 1849 என்றே ஆண்டு இருப்பதால், 1848 என்று பொறித்த மார்மன் காசு எதையாவது யாராவது நீட்டினால் அது கற்பனைப் பொருள் என்று உடனே விலக்கிவிடலாம். என் முதல் வடிகட்டி அதுதான்.

இரண்டாவது வடிகட்டி எழுத்துகள். 1849ஆம் ஆண்டுக் காசுகளின் முகப்பில் எல்லாம் காணும் கண் ஒன்றும், அதன்மேல் மூன்று முனைகள் கொண்ட குருத்துவ மகுடமும், சுற்றிலும் ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’ என்ற வேதவாக்கியத்தின் ஆங்கில வடிவமும் உள்ளன. பைபிளின் யாத்திராகமத்தில், தலைமைக் குருவான ஆரோனின் பாகைக்காகப் பசும்பொன் பட்டத்தில் வெட்டச் சொன்ன சொற்கள் அவை. பொன்னின்மேல் மகுடத்தோடு சேர்த்து அவற்றைப் பொறித்ததில் ஒரு பொருத்தம் உண்டு. பின்புறத்தில் பற்றிய இரு கைகள், ஆண்டு, மதிப்பு. பத்து டாலர் காசில் மட்டும் ‘சுத்தத் தங்கம்’ என்பது முழுச் சொற்களாக இருக்கிறது. மற்ற மூன்றிலும் ‘ஜி.எஸ்.எல்.சி.பி.ஜி.’ என்ற எழுத்துகள். பெரும் உப்பேரி நகரம், சுத்தத் தங்கம் என்பதன் சுருக்கம் அது. பத்து டாலர் நகல் ஒன்றில் இந்தச் சுருக்கம் இருந்ததைக் கண்டு வாங்காமல் விட்டேன். இருபது டாலர் காசுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அமெரிக்க அரசின் தங்கசாலை இருபது டாலர் காசைப் புழக்கத்துக்கு விட்டது 1850இல். மார்மன்கள் அதற்கு முந்தைய ஆண்டே அந்த மதிப்பில் காசு அடித்துவிட்டனர்.

1850ஆம் ஆண்டின் ஐந்து டாலரில் மகுடமும் கண்ணும் திருத்தி வரையப்பட்டு, நட்சத்திரங்கள் சேர்ந்தன. 1860ஆம் ஆண்டின் காசு முற்றிலும் வேறு. அதற்குக் கொலராடோவின் தங்கம் பயன்பட்டது. முகப்பில் படுத்திருக்கும் சிங்கம்; பின்புறத்தில் நெஞ்சில் தேன்கூட்டைத் தாங்கிய கழுகு. 1861இல் ஆளுநர் ஆல்ஃபிரட் கம்மிங் இந்த அச்சடிப்பை நிறுத்தினார். தனியார் காசு அடிப்பதை நாடு முழுவதும் தடைசெய்த சட்டம் 1864இல்தான் வந்தது என்பதால், அதற்கு முன்பு மார்மன்கள் செய்ததைக் கள்ளக்காசு என்று சொல்வது தவறு; கலிபோர்னியாவிலும் ஜார்ஜியாவிலும் பலர் அதையே செய்தனர்.

நகல்கள் கைக்கு வந்தபின் தொடங்கியது பரிசோதனை. கண்ணால் பார்ப்பதற்கு ஒரு பத்து மடங்கு உருப்பெருக்கியும், சாய்வாக ஒளி வீசும் ஒரு சிறு எல்இடி விளக்கும் போதும். விளக்கை மேசைக்கு ஏறத்தாழ இணையாக, காசின் பரப்பை உரசிச் செல்லும்படி வைத்தால், நேர் வெளிச்சத்தில் மறைந்துபோகும் மேடு பள்ளங்கள் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். அடித்த காசில் எழுத்தின் சுவர் செங்குத்தாக எழும்பி, அடிவாரத்தில் கூர்மையாகப் பரப்பைச் சந்திக்கும். வார்த்த காசில் அந்தச் சந்திப்பு உருண்டு குழைந்திருக்கும். பரப்பில் ஊசிமுனைக் குழிகளும், அச்சு மணலோ ரப்பரோ விட்ட குமிழ்களின் தடமாகச் சிறு பருக்களும் தெரியும். விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் இரு அச்சுப் பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும், அல்லது அந்தக் கோட்டை அரத்தால் தேய்த்த தடம் இருக்கும். மூன்றாவது வகை ஒன்று உண்டு: மின்பகுப்பு முறையில் செம்பைப் படியவைத்து இரண்டு ஓடுகளாக உருவாக்கி, உள்ளே ஈயத்தை ஊற்றி, விளிம்பில் பற்றாசு வைத்துச் சேர்த்தவை. 19ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகங்கள் காட்சிக்கென்று இந்த முறையைக் கையாண்டன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக இவற்றைச் செய்த ராபர்ட் ரெடி தம் பெயரின் முதலெழுத்துகளை விளிம்பில் பொறித்துவைத்தார். நல்ல நகல் செய்கிறவரின் நேர்மைக்கு அது ஒரு சான்று. எனக்கு மார்மன் காசின் மின்படிவு நகல் கிடைக்கவில்லை என்றாலும், வாங்கும் ஒவ்வொன்றின் விளிம்பிலும் அந்தத் தையலைத் தேடிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க அசலின் நல்ல படம் தேவை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய நாணயச் சேகரிப்பில் இந்தக் காசுகள் இருக்கின்றன. அவற்றின் படங்களைக் கணினித் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, நகலின் படத்தையும் அதே சாய்வொளியில் எடுத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். எழுத்துகளின் இடைவெளி, கட்டைவிரலின் சாய்வு, மகுடத்தின் முனைகள் கண்ணுக்கு எவ்வளவு நெருக்கம் ஆகியவை பொருந்தினால் அந்த நகல் அசலிலிருந்தோ அசலின் அச்சிலிருந்தோ வழிவந்தது. பொருந்தாவிட்டால் யாரோ படத்தைப் பார்த்துப் புதிதாக வெட்டிய அச்சு. என்னிடம் உள்ள 1849 ஐந்து டாலர் நகல்கள் இரண்டும் வெவ்வேறு ஊர்களில் வாங்கியவை. ஆனால் இரண்டிலும் வலக்கைக் கட்டைவிரலுக்கு இடப்புறம் ஒரே வடிவில் ஒரு சிறு வெட்டு இருக்கிறது. புழக்கத்தில் விழும் காயம் இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் விழாது. அந்தக் காயம் தாய்ப் பொருளில் இருந்தது. அதிலிருந்து எடுத்த அச்சு எல்லாக் குழந்தைகளுக்கும் அதைக் கொடுத்துவிட்டது. கள்ள நகல்களைக் கண்டுபிடிக்கும் நிபுணர்கள் நம்பும் முதன்மையான தடயங்களில் இதுவும் ஒன்று. இரண்டு நகல்களை வாங்கியது வீண்செலவு என்று வீட்டில் எழுந்த விமர்சனத்துக்கு இதையே பதிலாகச் சொன்னேன், ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

அடுத்தது எடையும் அடர்த்தியும். இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தேவையானவை: 0.01 கிராம் வரை காட்டும் ஒரு நகைத் தராசு, ஒரு சிறு கண்ணாடிக் குவளை, காய்ச்சி வடித்த நீர், மெல்லிய நைலான் இழை, காசைத் தொங்கவிட ஒரு நிறுத்தி. முதலில் காசை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். பின்பு நீர் நிறைந்த குவளையைத் தராசின்மேல் வைத்துச் சுழியமாக்கி, இழையில் கட்டிய காசை அடியையோ சுவரையோ தொடாதபடி நீரில் முழுமையாக மூழ்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய நீரின் எடை. நீரின் அடர்த்தி ஏறத்தாழ ஒன்று என்பதால் கன சென்டிமீட்டரில் காசின் கனஅளவும் அதுவே. உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைத்துவிடும். நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தை விடுவது அவசியம். இல்லாவிட்டால் எழுத்துகளின் மூலைகளில் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு கனஅளவை மிகையாகக் காட்டும். சிறிய காசுகளில் இன்னும் கவனம் வேண்டும். 0.36 கன சென்டிமீட்டர் உள்ள ஒரு காசில் 0.01 கிராம் பிழையே மூன்று விழுக்காட்டுக்கு அருகில் வந்துவிடுகிறது. ஆகவே பலமுறை அளந்து சராசரி எடுத்தேன்.

இரண்டரை டாலர் நகல் 2.41 கிராம், கனஅளவு 0.36, அடர்த்தி 6.69. இது துத்தநாகத்தை அடிப்படையாகக் கொண்ட வார்ப்புலோகம். விளையாட்டு வண்டிகளுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் பயன்படுவது. ஐந்து டாலர் நகல் 5.95 கிராம், கனஅளவு 0.70, அடர்த்தி 8.5, பத்து டாலர் 12.74 கிராம், கனஅளவு 1.50, அடர்த்தி 8.49. இவை இரண்டும் பித்தளை. 1860ஆம் ஆண்டின் நகல் 5.34 கிராம், கனஅளவு 0.60, அடர்த்தி 8.9. அது செம்பு, மேலே தங்க முலாம். இருபது டாலர் நகல் 18.90 கிராம், கனஅளவு 2.00, அடர்த்தி 9.45. இந்த எண் செம்பையும் தாண்டுவதால் ஈயம் கலந்திருக்கிறது. ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த கலவைக்கு இது பொருந்தும். நகத்தால் அழுத்திய இடத்தில் விளிம்பு இலேசாக வழிந்ததும், மரப்பலகையில் போட்டபோது ஒலிக்காமல் மந்தமாக விழுந்ததும் அதை உறுதிப்படுத்தின.

இந்த எண்களை வைத்துக்கொண்டு இன்னொரு கணக்குப் போடலாம். மார்மன்கள் கலிபோர்னியாவின் தங்கத்தைப் புடமிட்டுச் சுத்திகரிக்காமல், இயற்கையில் அதனோடு கலந்திருந்த வெள்ளியோடு அப்படியே காசாக்கினர். பத்தில் ஒன்பது பங்கு தங்கமும் ஒரு பங்கு வெள்ளியும் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 17.8. என் பத்து டாலர் நகல் அதே பருமனில் அந்தத் தங்கத்தால் ஆகியிருந்தால் அதன் எடை 26.7 கிராம் இருக்கும். அமெரிக்க அரசின் பத்து டாலர் காசின் எடையோ 16.718 கிராம். அதாவது இந்த நகலில் பதினாறு டாலருக்கு உரிய தங்கம் பிடிக்கும்! இரண்டரை டாலரிலும் ஐந்து டாலரிலும் இதே போக்கு: இரண்டுமே தேவையானதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனஅளவு. இருபது டாலர் மட்டும் 35.6 கிராம் என்று, அரசின் அளவான 33.436 கிராமுக்கு அருகில் வருகிறது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. பித்தளையின் அடர்த்தி தங்கத்தின் அடர்த்தியில் பாதிக்கும் குறைவு என்பதால், சரியான பருமனில் செய்த பித்தளை நகல் கையில் பஞ்சுபோல் இருக்கும், வாங்குகிறவர் ஏமாற்றமடைவார். ஆகவே செய்தவர் தடிமனைக் கூட்டி எடையை ஈடுகட்டியிருக்கிறார். இந்த மூன்றையும் ஒரே பட்டறை செய்திருக்கக்கூடும் என்பது என் கணிப்பு. இருபது டாலரை வார்த்தவர் அசலையோ அசலுக்கு நெருங்கிய ஒன்றையோ முன்னால் வைத்து அச்சு எடுத்திருக்கிறார். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அப்படிப்பட்ட நகலின் விட்டம் தாய்ப் பொருளைவிடச் சற்றுக் குறையும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எடையைப் பற்றிப் பேசும்போது அசலின் மானக்கேட்டையும் சொல்லிவிட வேண்டும். ‘சுத்தத் தங்கம்’ என்று பொறித்திருந்தாலும், பிலடெல்பியா தங்கசாலையில் தங்கத்தின் மாற்றை, அதாவது தூய்மையை, சோதிப்பவர்களான எக்ஃபெல்ட், டு பாய் ஆகியோர் இந்தக் காசுகளைச் சோதித்தபோது, பத்து டாலர் காசில் ஏறத்தாழ எட்டரை டாலர் மதிப்புள்ள தங்கமே இருந்தது. மாற்றிலும் குறை, எடையிலும் குறை. ஏமாற்றும் எண்ணத்தைவிட, சுத்திகரிக்கும் வசதியும் அனுபவமும் இல்லாத நிலைமையே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கலிபோர்னியாவிலும் மிசௌரி ஆற்றங்கரையிலும் அந்தக் காசைத் தள்ளுபடியில் வாங்கிய வணிகருக்கு அந்த வேறுபாடு முக்கியமாக இருந்திருக்காது. பள்ளத்தாக்குக்கு வெளியே போன காசுகள் நேரே மூசைக்குத்தான் போயின. அவை இன்று இவ்வளவு அரிதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

சுத்தம் செய்வதில் கைவைக்கும்முன் ஒவ்வொன்றின் உலோகமும் தெரிந்திருப்பதன் பயன் இப்போது விளங்கும். நம் வீடுகளில் பித்தளை என்றதும் கை புளியைத் தேடும். முலாம் பூசிய நகலில் அதைச் செய்யவே கூடாது. முலாம் மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே அமிலம் உள்ளே இறங்கி அடியிலிருக்கும் செம்பைத் தின்றுவிடும். வணிக மெருகுப் பசைகளும் அப்படியே. வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, குழந்தைகளுக்கான பல்தூரிகை, கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் ஓர் அலசல், பஞ்சுத் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டேன். பித்தளை நகல்கள் இரண்டிலும் பழுப்பேறிய வார்னிஷ் இருந்தது. அதை மட்டும் ஜன்னலைத் திறந்துவைத்து அசிட்டோனில் ஊறவைத்துக் கரைத்தேன். செம்பு நகலின் கழுகுச் சிறகுகளுக்கிடையே படிந்த களிம்பை, ஒரு சொட்டுக் கனிம எண்ணெயில் நனைத்து மூங்கில் பல்குச்சியின் முனையால் நாள்கணக்கில் பொறுமையாகப் பெயர்க்க வேண்டியிருந்தது. ஊசியோ சாமணத்தின் முனையோ இந்த வேலைக்கு ஆகாது. ஈயம் கலந்த இருபது டாலரைக் கையுறையோடுதான் தொட வேண்டும்; அதைக் கழுவியபின் கையையும் கழுவ வேண்டும்.

அடுத்த வேலை முத்திரை. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு இயற்றிய பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாணய நகல்களில் ‘நகல்’ என்று பொருள்படும் நான்கெழுத்து ஆங்கிலச் சொல் பெரிய எழுத்துகளில், விளிம்பில் அல்லாமல் முகப்பிலோ பின்புறத்திலோ, குழிவாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். எழுத்தின் உயரம் 2 மில்லிமீட்டர், சொல்லின் நீளம் 6 மில்லிமீட்டர், ஆழம் 0.3 மில்லிமீட்டர் என்று விதிகள் குறைந்தபட்ச அளவுகளைச் சொல்கின்றன. மிகச் சிறிய நகல்களுக்கு விட்டத்தை வைத்துக் கணக்கிடும் மாற்று அளவும் உண்டு. 2014இல் வந்த திருத்தம் விற்கிறவர்களையும் இந்தப் பொறுப்புக்குள் கொண்டுவந்தது. என்னிடம் உள்ளவற்றில் இரண்டரை, பத்து, 1860 ஆகியவற்றில் அந்தச் சொல் இருக்கிறது. ஐந்து டாலர் நகல்களிலும் இருபது டாலரிலும் இல்லை. அவை சட்டத்துக்கு முந்தையவையாகவும் இருக்கலாம். விற்கும் எண்ணம் இல்லாத எனக்குச் சட்டக் கட்டாயம் இல்லை என்றாலும், என் காலத்துக்குப்பின் இவை யார் கைக்குப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

இந்தக் கவலைக்கு யூட்டாவிலேயே காரணம் உண்டு. மார்க் ஹாஃப்மன் என்ற வணிகர் 1980களில் மார்மன் வரலாற்று ஆவணங்களையும் முன்னோடிகளின் கைப்படக் காசுத்தாள்களையும் கள்ளமாக உருவாக்கி, நிபுணர்களையும் திருச்சபையையும் நம்பவைத்தார். குட்டு வெளிப்படும் நிலையில் 1985 அக்டோபரில் வெடிகுண்டு வைத்து இருவரைக் கொன்றார். அவருடைய கள்ள வேலை சிறுவயதில் ஒரு நாணயத்தின் தங்கசாலைக் குறியை மாற்றியதில் தொடங்கியது என்று அவரே பின்னர் சொன்னார். நகல்களைச் சேர்க்கிற ஒருவர் இந்தக் கதையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இரண்டு மில்லிமீட்டர் எஃகு எழுத்துளிகள் ஒரு தொகுதி வாங்கி, முதலில் கழிவுப் பித்தளைத் தகட்டிலும் ஈயத் துண்டிலும் பழகிப் பார்த்தேன். அடிக்கும்போது காசு குதிக்காமலிருக்கவும், மறுபக்கத்து உருவங்கள் நசுங்காமலிருக்கவும், பட்டறைக்கல்லின்மேல் தடித்த தோல்துண்டை விரித்து, அதன்மேல் காசை மறையில்லாத மரக்கவ்வியில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈயக் கலவையில் ஓர் இலேசான தட்டலே போதும். கூடுதலாக ஓங்கினால் எழுத்தைச் சுற்றி உலோகம் கரைபோல் எழும்பிவிடுகிறது. பித்தளையில் ஒரே அடியாக, உளியை அசைக்காமல் அடிக்க வேண்டும். இரண்டாம் அடி இரட்டை எழுத்தாக விழும். துத்தநாக வார்ப்பில் உளி வேலை செய்வதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த உலோகம் நொறுங்கும் இயல்புடையது. அதற்குச் சுழல் கருவியில் கார்பைடு முனை பொருத்திச் செதுக்குவதே பாதுகாப்பு. என் துத்தநாக நகலில் முத்திரை ஏற்கெனவே இருந்ததால் அந்த வேலை மிச்சம். கைகளுக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே உள்ள வெற்றிடத்தைப் பொறிப்பதற்குத் தேர்ந்தேன். கண்ணில் படாத மூலையில் மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

காட்சிச் சட்டகத்துக்கு முதலில் ஓக் மரத்தை நினைத்திருந்தேன், படித்தபின் கைவிட்டேன். ஓக் மரம் வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும் என்பது அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் நன்கறிந்த உண்மை. இருபது டாலர் நகலுக்கு அது எமனாகும். மென்மையான பிவிசி உறைகளும் வேண்டாம். அவற்றிலிருந்து கசியும் பொருள் செம்பின்மேல் பச்சைப் பிசினாகப் படியும். ஆகவே மூன்று அடுக்கு அக்ரிலிக் தகடுகளைத் தேர்ந்தேன்: நடுவில் 3 மில்லிமீட்டர், இருபுறமும் 2 மில்லிமீட்டர். நடுத்தகட்டில் ஒவ்வொரு காசின் விட்டத்தைவிட அரை மில்லிமீட்டர் பெரிதாகத் துளையிட்டேன். துளையிடும்போது கருவி வேகமாகச் சுழன்றால் அக்ரிலிக் உருகி முனையில் ஒட்டிக்கொள்ளும். மிகக் குறைந்த வேகத்தில், சோப்புநீர் சொட்டவிட்டுக்கொண்டே, கீழே ஒரு கழிவுப் பலகையைச் சேர்த்து இறுக்கிப் பிடித்துத் துளைத்தால் ஓரம் சுத்தமாக வருகிறது. தடித்த பத்து டாலர் மட்டும் 3 மில்லிமீட்டர் தகட்டுக்குள் அடங்காமல் முகப்பில் துருத்திக்கொண்டு நின்றது. அசலின் பருமனில் செய்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. முன்தகட்டுக்கும் நடுத்தகட்டுக்கும் இடையே நான்கு மூலைகளிலும் மெல்லிய நைலான் வளையங்களை வைத்து இடைவெளியை உயர்த்தினேன். அதனால் தளர்ந்த மற்ற காசுகளை நிலைநிறுத்த, பாலியெஸ்டர் தகட்டிலிருந்து வெட்டிய வட்டப்பட்டைகளை அவற்றின் விளிம்போடு சேர்த்தேன். பசை எங்கும் இல்லை. கரைப்பான் ஆவி உள்ளே தங்கக்கூடாது என்பதால் எல்லாம் மறையாணிகளால் இறுக்கியதுதான்.

விவரச்சீட்டுகளில் ஐந்தை எளிதாக அச்சிட்டுவிட்டேன். 1860ஆம் ஆண்டின் காசுக்குத்தான் தனி உழைப்பு. அதன் முகப்பில் உள்ள வாசகமும் ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’ என்பதே. ஆனால் அது டெசரெட் எழுத்துகளில் உள்ளது. ஆங்கிலத்தை ஒலிக்கேற்ப எழுதுவதற்காக 1850களில் டெசரெட் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழு, சுருக்கெழுத்தாளரான ஜார்ஜ் வாட்டின் முன்னின்ற உழைப்போடு உருவாக்கிய, 38 எழுத்துகள் கொண்ட புது நெடுங்கணக்கு அது. அந்த எழுத்தில் பள்ளிப் பாடநூல்கள் 1868இல்தான் வெளிவந்தன. தங்கக் காசு அவற்றுக்கு எட்டு ஆண்டு மூத்தது. யூனிகோடில் 2001 முதல் இடம்பெற்றுள்ள எழுத்துமுறை என்பதால் தட்டச்சு செய்வதில் தடையில்லை. நோட்டோ குடும்பத்தில் இதற்கான எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் இவ்வெழுத்துகள் யூனிகோடின் அடிப்படைத் தளத்துக்கு வெளியே இருப்பதால், என் பழைய விவரச்சீட்டு மென்பொருள் வெற்றுக் கட்டங்களையே காட்டியது. வேறு மென்பொருளில் வாசகத்தை அமைத்து, படமாக மாற்றி, அதைச் சீட்டில் ஒட்டவைத்தபின் சரியாக வந்தது. எழுத்தட்டவணையை வைத்துக்கொண்டு நகலில் உள்ள வாசகத்தை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தபோது, அச்சு வெட்டியவர் எல்லாவற்றையும் பிழையின்றி வெட்டியிருப்பது தெரிந்தது. தமக்குப் புரியாத எழுத்தை வெட்டுகிறவர் இவ்வளவு கவனம் காட்டுவது அபூர்வம். என் சேகரிப்பில் செய்நேர்த்தியால் முதலிடம் இந்தச் செம்பு நகலுக்கே.

1850ஆம் ஆண்டின் நகல் மட்டும் இன்னும் ஏற்கத்தக்க நிலையில் கிடைக்கவில்லை. வந்தவற்றில் ஒன்று 1849ஆம் ஆண்டின் முகப்போடு ஆண்டை மட்டும் மாற்றியது; நட்சத்திரங்களே இல்லை. மற்றொன்றில் படம் தெளிவாக இருந்தும், விற்றவர் அதை அசல் போலவே விளம்பரப்படுத்தியிருந்ததால் அவரிடம் வாங்க மனம் ஒப்பவில்லை. இப்போதைக்கு அந்தத் துளையில், அமிலமற்ற அட்டையில் இருபக்கமும் அச்சிட்டு வெட்டிய வட்டப் படம் இருக்கிறது. சீட்டில் ‘அச்சிட்ட படம்’ என்றே எழுதியிருக்கிறேன். சட்டகத்தின் பின்தகட்டில் ஒரு பாலியெஸ்டர் உறைக்குள் ஒவ்வொரு நகலின் எடை, கனஅளவு, அடர்த்தி, விட்டம், உலோகம், செய்முறை, வாங்கிய ஆண்டு, கொடுத்த விலை, முத்திரை முன்பே இருந்ததா நான் பொறித்ததா என்பவற்றை எழுதிய தாள் இருக்கிறது. அதைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். மை காலப்போக்கில் மங்கும், சில மைகள் அமிலமும் கொண்டவை.